சிரித்தால் விழுகிறவள்

முதலில் படிகள்.
ஒடீலின் கண்கள் கீழே இறங்க மறுத்தன.
தலையை மொத்தமாகக் கவிழ்த்து
ஒவ்வொரு படியாய்த் தேடி இறங்கினாள்.
கண்ணாடி மாற்றினோம்.

ஈஸ்டர் விருந்தில் ஜெர்வேஸ்
பாதிரியாரின் வாத்துக் கதையைச் சொன்னான்.
எல்லாரும் சிரித்தோம். இவள் மட்டும்
ஆணியிலிருந்து நழுவிய மழைச்சட்டை மாதிரி
நாற்காலியிலிருந்து தரைக்கு வழிந்தாள்,
கண் விழித்தபடி, சிரித்தபடியே.

ஹாலிஃபாக்ஸ் டாக்டர் ஒரு வட்டம் போட்டார்.
மூளையின் ஓர் அணு. அதற்குள் சின்னதாய் ஒரு பை.
கொழுப்பு உள்ளே போகும்;
வெளியே அனுப்பவேண்டிய வாசல்காரப் புரதம்
பிழையாய்ப் பிறந்திருக்கிறது.
நான் சிங்கிறாலுக்குக் கூண்டு போடுகிறவன்.
உள்ளே வழி உண்டு, வெளியே இல்லை என்பதை
எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

என்னிடம் ஒரு எழுத்துப் பிழை, மார்செலினிடம் ஒன்று.
தனித்தனியே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.
பப்னிக்கோ கல்லறையில் பாசியைச் சுரண்டினால்
இரண்டு வீட்டுப் பெயரும்
ஒரே கல்லில் போய் நிற்கின்றன.

டௌ என்று இன்னொரு புரதமாம்.
அணுவின் நீண்ட வாலுக்குள்
பாதைகளை வளையாமல் பிடித்திருப்பது அதன் வேலை.
கொழுப்பு தேங்கத் தேங்கப் பிடியை விட்டுத்
தன்னையே தான் முறுக்கிக்கொள்கிறது.
எண்பது வயது மூளையில் விழும் சிக்கல்.
இவளுக்குப் பதினாறு.
புயல் கழிந்த காலைகளில்
எத்தனை மைல் கயிற்றைப் பல்லால் பிரித்திருக்கிறேன்!
இதற்கு நுனி எங்கே என்று கேட்டேன்.
டாக்டர் பேனாவை மூடினார்.
மெதுவாக்க ஒரு மாத்திரை எழுதியிருந்தார்.
மெதுவாக்க.

அதற்கப்புறம் வீட்டில் யாரும் வேடிக்கை பேசவில்லை.
ரேடியோவில் செய்தி மட்டும்.
ஜெர்வேஸ் வந்தால் வானிலை பற்றிப் பேசிவிட்டுப் போவான்.

மே முப்பத்தொன்று.
கூண்டுகளையெல்லாம் கரையேற்றித் திரும்பினேன்.
கூடத்து நடுவில் மெத்தையை
எப்படியோ இழுத்துப் போட்டிருந்தாள்,
அதன்மேல் நின்றிருந்தாள்.
இப்போதெல்லாம் சொல் சேறு தாண்டித்தான் வரும்.
"அப்பா... அந்த... வாத்து."

எனக்குக் கதை சொல்ல வராது.
பாதியில் மறந்து, பாதிரியாரை முட்டையிட வைத்து,
வாத்துக்குப் பாவமன்னிப்பும் கொடுத்தேன்.
விழுந்தாள்.
மார்செலின் பக்கத்தில் பொத்தென்று விழுந்தாள்,
வேண்டுமென்றே.
நானும், உப்பு காயாத பூட்ஸோடு.

விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம்.
அவள் விரல் அசைய ஒரு நிமிஷம் ஆயிற்று.
நாக்கு வர இன்னும் கொஞ்சம்.

"இன்னொன்று," என்றாள்.