ஏழு புள்ளி இரண்டு

தை கடைசி.
வெண்ணாற்றங்கரைக் கொள்முதல் நிலையத்தில்
நான்தான் பட்டியல் எழுத்தர்.
எழுதுவது என்று ஒன்றுமில்லை, தட்டுவதுதான்.

இரவோடு இரவாக மடிக்கணினியில்
ஏழு புள்ளி மூன்று வந்து உட்கார்ந்திருந்தது.
தூக்கக் கலக்கத்தில் நானே
‘சரி’யைத் தொட்டிருப்பேன்.
முதல் மூன்று பேருக்கு ஒழுங்காகத்தான் போனது.
நாலாவது ஆள் வேம்பையன்.
ஈரப்பதம் பதினாறு புள்ளி எட்டு என்றால்
அதுவாகவே பதினேழாக்கிக்கொண்டு
ஈரம் அதிகம், எடுக்க முடியாது என்றது.
“நெல்லு காஞ்சிதான் கெடக்கு தம்பி,
ஒங்க பொட்டிதான் ஈரம்.”

கூத்தாநல்லூரிலிருந்து ஜபருல்லா வந்தான்.
சாவிக்கொத்தில் தொங்கியது ஏழு புள்ளி இரண்டு.
புதியதைக் கழற்ற ஒரு நிமிடம்.
பழையதைப் போட ஆறு.
பழையது எழுந்து, பேரேட்டைப் பார்த்து,
இது எனக்குப் பின்னால் வந்தவர் எழுதியது,
எனக்குப் படிக்கத் தெரியாது
என்று ஒரு சாம்பல் கட்டத்தில் சொல்லி நின்றது.

“புதுசு வந்த ஒடனே எல்லாக் கணக்கையும்
தன் கையெழுத்துக்கு மாத்திடும்ணே.
திருப்பி மாத்த அதுக்கு யாரும் சொல்லித் தரல.”

நேற்று ராத்திரி எடுத்த நகல் இருந்தது.
அதற்குள் போகலாம்.
ஆனால் அங்கே இன்று விடியவேயில்லை.
சிங்காரவேலு வரவில்லை.
அஞ்சலை தன் இருபத்திரண்டு மூட்டையை இறக்கவில்லை.
அல்போன்ஸ் எடைக்காரரோடு சண்டை போடவில்லை.
இங்கேயோ
மூன்று பேர் நெல்லும் சாக்குக்குள் தைத்து
அட்டியின் அடிவரிசையில் இருக்கிறது.
ரசீதை மடித்துக்கொண்டு அவர்கள் போயாயிற்று.

வரிசையில் பதினொரு டிராக்டர்.
தார்ப்பாய் ஆறு.
கிழக்கே மானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஆறு என்றைக்குத் திரும்பி ஓடியது என்றார் ஒரு சுமைக்காரர்.
மேட்டூரைச் சாத்திப் பத்து நாளாகிறது.
திரும்புவதற்கே ஆற்றில் ஒன்றுமில்லை.

தொட்டேன்.
திரையில் நேற்று வந்தது, குறையே இல்லாமல்.
பதினாறு புள்ளி எட்டு
பதினாறு புள்ளி எட்டாகவே நின்றது.
வேம்பையனுக்கு விழுந்த ரசீது எண்
இரண்டாயிரத்து இருநூற்று ஏழு.
சிங்காரவேலுவின் சட்டைப்பையிலும்
அதே இரண்டாயிரத்து இருநூற்று ஏழு.

வெயில் பட்டால் மங்கிவிடும் தாள் அது.
மங்கினால் நல்லது என்று
ஒரு நொடி நினைத்தேன், மறைக்க மாட்டேன்.
பிறகு அவர் எண்ணுக்கு அடித்தேன்.
அணைத்து வைத்திருந்தார்.

மூன்று பெயரையும் மூட்டைக் கணக்கையும்
பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
“அந்தப் பக்கம் தார்ப்பாய இழுங்கண்ணே”
என்று யாரோ கத்தினார்கள்.
கையை மூடிக்கொண்டு,
மற்றக் கையால் இழுத்தேன்.