முந்தைய பதிவு வரை

போட்ஸ்ஃபியோர்ட் துறைமுகத்தில்
ஜனவரியில் பொழுது விடிவதில்லை.
பதினொரு மணிக்குக் கொஞ்சம் நீலம் வரும்,
ஒரு மணிக்குத் திரும்பிப் போய்விடும்.
அந்த நீலத்தில்தான் நான்
எல்லாப் படகுகளையும் ஒரே படகாக்கினேன்.

திருத்த வேண்டியது ஒரே ஓர் எடை.
ரெய்டுன் இறக்கிய காட் மீன்
412 என்பது 421 என்று விழுந்திருந்தது.
கட்டளை எழுதினேன்.
எந்தப் படகு என்று சொல்லும் கடைசி வரியை
எழுதவில்லை.
என்டர்.

ஆறாயிரத்து நூற்றுப் பதினெட்டு வரிசைகள் மாறின
என்றது திரை, பச்சை எழுத்தில், மரியாதையாக.
இந்தப் பருவத்தில் கரைக்கு வந்த ஒவ்வொரு சரக்கும்
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
சமத்துவம் வயிற்றைக் கலக்கும் என்று
அன்றுதான் தெரிந்தது.
திங்களன்று பட்டுவாடா.

ஓட்ஃபின் வந்தான். திட்டவில்லை.
குல்லாயைக் கழற்றாமல் கேட்டான்:
“ஜர்னல் ஓடுகிறதா?”

ஓடுகிறது. ஏழு வருடமாக,
சுவருக்குள் போகும் வெந்நீர்க் குழாய் போல.

அட்டவணைக்கு ‘இப்போது’ மட்டும்தான் தெரியும்.
நேற்று எவ்வளவு என்றால் முழிக்கும்.
ஜர்னல் ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ரகம்.
யார் கை, எந்த நொடி, எத்தனையாவது பதிவு,
மாறிய பின் முகம் எப்படி,
எல்லாம் வேறொரு வட்டில் எழுதிவிட்டுத்தான்
அட்டவணையைத் தொடவே விடும்.

மாறும் முன் முகத்தையும் எழுதச் சொல்லலாம்.
இடம் போதவில்லை என்று
மூன்று வருடம் முன்பு நிறுத்தியது நான்தான்.
எனவே பின்னோக்கி நடக்க வழியில்லை.
ஞாயிறுக்குப் போய்
அங்கிருந்து முன்னால் வரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நகல் முழுதாக ஏறியது.
படகுப் பட்டியல், வரிசை இருபத்தேழு:
ஹாவ்சூலா. தூண்டில் படகு.
உரிமையாளர் எய்லிஃப். கணக்கு நடப்பில்.

திங்கள் இரவுதான்
அந்தப் படகு கவிழ்ந்தது.

வியாழன் பெர்கித் வந்திருந்தாள், அவன் தங்கை.
“தினம் பன்னிரண்டு மணிக்கு
மீன்விலை அவன் போனுக்கு வருகிறது.
போன் சமையலறையில் இருக்கிறது.
பெயரை எடுத்துவிடு.”
எடுத்தேன்.

“எதுவரை?” என்று கேட்டது திரை.
என் பிழையின் எண்ணுக்கு முந்தைய எண்ணை
ஓட்ஃபின் மெதுவாக அடித்தான்.
நடுவில் ஒன்றை மட்டும் தாண்ட முடியாதா என்றேன்.
“முடியாது. வரிசைப்படிதான்.”
எதை என்று அவன் கேட்கவில்லை.

எண்கள் ஓடத் தொடங்கின.
திங்கள் நிறைய மீன்.
செவ்வாய் புயல், ஒன்றுமே இல்லை, சட்டென்று கடந்தது.
புதன்.
வியாழன், பதின்மூன்று ஐம்பத்திரண்டு:
வரிசை 27 நீக்கம். பயனர் டூர்டிஸ்.
பெயர்கூட இல்லை, வரிசை எண் மட்டும்.
நேற்று என் கை நடுங்கியது.
அது எங்கும் பதிவாகவில்லை.
இன்று இயந்திரம் நடுங்காமல் செய்தது.

பிழைக்கு ஒரு பதிவு முன்னால்
வந்து நின்றது.
421 அங்கேயே இருந்தது.
இந்த முறை கடைசி வரியை முதலில் எழுதினேன்.

அதற்குப் பிறகு எடைமேடையில் ஏறிய ஏழு சரக்குகளை
ஈர ரசீதுகளைப் பார்த்துக் கையால் ஏற்றினேன்.
காபிக் கடன் அட்டவணையை மட்டும்
ஜர்னலில் சேர்க்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.
இந்த வாரக் காபி எல்லாருக்கும் இலவசம்.
ரெய்டுன் சத்தமாகச் சிரித்தாள்.

என் பிழை இன்னும் ஜர்னலில் இருக்கிறது,
பெயரோடு, நொடியோடு.
அதை அழிக்கக் கட்டளை கிடையாது.
முன் முகத்தையும் எழுது என்று மாற்றி வைத்தேன்.
வட்டு நிறைந்தால் நிறையட்டும்.

பிறகுதான் கவனித்தேன்.
ஞாயிறு ஏறி வியாழன் வருவதற்குள்
மணி பன்னிரண்டு அடித்திருக்கிறது.
நடப்பிலுள்ள எல்லாப் படகுக்கும்
விலைச்செய்தி போயிருக்கிறது.

எய்லிஃபின் எண்ணிலிருந்து
ஒரு பதில் வந்திருந்தது:

பார்த்தேன். நல்ல விலை.