ஆறு நீர்

நாநூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் செத்தது
பதினேழாம் நம்பர் செல்.
திரையில் கோடு படுத்துவிட்டது.
காசளவு எஃகு மூடி லேசாக உப்பியிருக்க
நாகவேணி விரலால் அழுத்திப் பார்த்து
"காத்து" என்றாள்.

ஓசூர் சிப்காட்டில், டயர் கிடங்குக்குப் பின்னால்
தகரக் கூரை, மூன்று மேசை,
இரவெல்லாம் கண் சிமிட்டும் ஒரு சோதனைப் பெட்டி:
இவ்வளவுதான் எங்கள் கம்பெனி.
துத்தநாகம் தீப்பிடிக்காது,
ராயக்கோட்டைத் தக்காளி போல மலிவு என்று
பணம் போட வருகிறவர்களிடம் சொல்வார் தப்ரேஸ்.
தக்காளி போலவே அழுகும் என்பதைச் சொல்லமாட்டார்.

செல்லைப் பிரித்தேன்.
கண்ணாடியிழைத் தாளில் ஒரு கறுப்புப் புள்ளி.
நுண்ணோக்கியில் அது மரம்.
கிளை, கிளையில் கிளை, ஊசி நுனி.
மின்னேற்றும் ஒவ்வொரு முறையும்
மேடு கண்ட இடத்திலேயே போய் உட்காரும் துத்தநாகம்
ஒருநாள் தாளைக் குத்தி
எதிர்ப்பக்கம் தொட்டுவிடுகிறது.
தொட்டால் முடிந்தது.

குற்றம் உலோகத்தில் இல்லை, கரைசலில்.
ஒரு துத்தநாக அயனியைச் சுற்றி
ஆறு தண்ணீர்.
மாப்பிள்ளைத் தோழர்கள் மாதிரி கூடவே வந்து
மணவறைக்கு அவன் ஏறியதும்
செய்ய வேலையில்லாமல் உள்ளே புகுந்து
உடைக்கிறார்கள், உடைகிறார்கள்.
பாதி காற்றாகிறது. மீதி
வெள்ளைப் பொருக்காகத் தகட்டில் ஒட்டுகிறது.

குறிப்பேட்டில் ஆறு என்று எழுதும்போதெல்லாம்
காவிரி குறுக்கே வரும் எனக்கு.
பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர்.
பத்து மைலில் அது பாறையில் விழுந்துகொண்டிருக்க
நாங்கள் குடித்தது போர்வெல்.
குழாய் வழியே ஆறு வந்து சேர்ந்தபோது
என் பல்லில் பழுப்பு வரி ஏறி முடிந்திருந்தது.
அண்ணன் சென்றாயனுக்கு
இரண்டு முழங்காலும் ஒன்றையொன்று
இடித்துக்கொள்ளத் தொடங்கி எட்டு வருடம்.

ஃபுளோரைடு.
ஆய்வுக் கட்டுரையில் முதலில் அதைப் பார்த்த அன்று
பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.
மூன்று மாதம் வேறெதையெதையோ கலந்தேன்.
யூரியா. குளுக்கோஸ்.
உப்பைக் கூட்டித் தண்ணீரைக் குறைத்ததில்
கரைசல் தேன்பாகாகி நகர மறுத்தது,
விலையும் தேன் விலை.
"அதையும் போட்டுத்தான் பாரேன்,
கோவிச்சுக்கிட்டா செல்லு ஓடுமா?" என்றாள் நாகவேணி.
"உங்க ஊர் போர் தண்ணியே ஒரு கேன்
கொண்டு வந்திருக்கலாமே" என்றார் தப்ரேஸ்.
சிரித்தேன்,
வழக்கம்போல் கையால் வாயை மறைத்து.
பிறகு அதே கையால்
மில்லிகிராம் மில்லிகிராமாக நிறுத்தேன்.

முப்பத்தோராம் செல்லை
சாகும் முன்பே திறந்தோம், அறுநூறில்.
மரமில்லை.
தகட்டின் மேல் பனிப்படலம் போல்
மெல்லிய, சாம்பல் நிற, வழவழப்பான ஒன்று.
அயனியை விட்டது.
ஆறு தண்ணீரும் வாசலிலேயே
செருப்போடு நின்றுவிட்டன.

நாகவேணி விசில் அடித்தாள்.
எனக்கு நாக்கு தன்னால் போய்
முன்பல்லைத் தடவிக்கொண்டிருந்தது.
இதுவும் பூச்சுதான். எலும்பில் ஏறியதும் அதே சரக்குதான்.
எங்களுக்கு யாரும்
நிறுத்துப் போடவில்லை.

இரவு அண்ணனிடம் போனில் சொன்னேன்.
"அதையா போட்ட?"
கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது.
"அளவாவா?"
"அளவாத்தான்."
"சரி" என்று வைத்துவிட்டான்.

முப்பத்திரண்டு, அதே கரைசல், அதே தகடு,
முந்நூற்று எண்பத்தெட்டில் உப்பிப் போனது.
ஏனென்று தெரியவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் கேள்விக்குறி போட்டு
முப்பத்து மூன்றுக்குப்
பாதி அளவு நிறுத்து மூடினேன்.
பெட்டி சிமிட்டுகிறது.
சுற்று: ஒன்று.