கல்லாறில் திரும்பிய ஆம்னி

கல்லாறு செக்போஸ்டுக்கு முன்னால் நானூறு வண்டிகள்.
போனில் இ-பாஸ் சுற்றிக்கொண்டே இருந்தது.
தீபாவளி நோம்பி லீவில் இரண்டாவது நாள்.
"ஊட்டி ஒண்ணும் ஓடிப்போயிராது" என்று
தெய்வானை ரிவர்ஸ் கியர் போட்டாள்.
பின்னால் நின்ற ஹாரன்களெல்லாம்
எங்கள் குடும்பத்தை விசாரித்தன.

அன்னூர் தாண்டித்தான் கேட்டாள்:
"செரி, அக்கட்டால பாக்கறதுக்கு என்ன இருக்குது?"
பிறந்ததிலிருந்து இங்கேயே கிடக்கும் இரண்டு பேருக்கும்
பதில் தெரியவில்லை.
பொட்டல். கோழிப்பண்ணை. இஞ்சினியரிங் காலேஜ்.
மறுபடி பொட்டல்.
மலைக்குப் போகிறவர்கள்
தூங்கிக்கொண்டே கடக்கிற நாடு.

ஊத்துக்குளியில் வெண்ணெய் வாங்கினோம்,
எதற்கென்று தெரியாமல் அரைக்கிலோ.
ஏசி இல்லாத வண்டியில் மடியில் வைத்திருந்தேன்.
அது சுடிதாரில் மெதுவாக
ஒரு ஏரி வரைந்தது.

ஒரத்துப்பாளையம் அணையில்
பெயர்ப்பலகை பாதி உரிந்திருந்தது.
மதகருகே கல்லிடுக்கில் ஒரு கறை.
தெய்வானை குனிந்தாள்,
பதினோரு வருடம் ஷேட் கார்டு பார்த்த கண்.
"நேவி" என்றாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"இல்ல புள்ள, அதுக்கு ஒரு ஷேடு கம்மி."
மூன்று சாம்பிளைத் திருப்பியனுப்பி
நான்காவதற்கு நான் ஓகே போட்ட நீலம்
இப்போது எந்த ஊரில் யார் முதுகில் வெளுக்கிறதோ.
துணியில் ஏறாத நீலம் எங்கே போகும் என்று
எந்த மெயிலிலும் யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.
ஒரு நீர்க்காகம் அந்தத் தண்ணீரில் முங்கியது.
எண்ணத் தொடங்கினேன்.
இருபத்தேழில் எழுந்தது, வெகுதூரம் தள்ளி.

கொடுமணலில் குழிகளை மூடிவிட்டிருந்தார்கள்.
ஆட்டுக்காரப் பையன் சொன்னான்,
"கீழ பாத்து நடங்கக்கா, மழ பேஞ்சா பாசி கெடைக்கும்."
கிடைக்கவில்லை.
கல்லைத் துளைத்து மணியாக்கி
கடல்தாண்டி அனுப்பினார்களாம் இந்த மேட்டிலிருந்து.
"அப்பவே எக்ஸ்போர்ட்டா!" என்றேன்.
"பேமென்ட் ஒழுங்கா வந்துருக்குமா?" என்றாள் அவள்.

காங்கேயத்துக்கு முன்னால் கொறங்காடு.
கிளுவை வேலி, வெள்வேல மரம்,
கொழுக்கட்டைப் புல்லில் முட்டிவரை முங்கிய ஒரு காளை
எங்கள் வண்டியைப் பார்த்தது,
லோன் கேட்டு வந்தவர்களைப் பார்ப்பதுபோல.

சிவன்மலையில்
யாரோ ஒருவர் கனவில் வந்த பொருளைக்
கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள்.
அடுத்த கனவு வரும்வரை நாட்டுக்கே அதுதான் சேதி.
கூட்டத்தில் அன்றைக்கு இருந்தது தெரியவில்லை.
எனக்குக் கனவில் வருவது
கன்டெய்னர் கிளம்பும் தேதி மட்டும்.
அதை எப்படி உள்ளே வைப்பார்கள்?

அரச்சலூர் மலையில் ஒரு குகை,
பாறையில் எழுத்தெழுத்தாகத் தாளம் வெட்டியிருக்குமாம்,
மேலிருந்து கீழே படித்தாலும்
இடமிருந்து வலம் படித்தாலும் ஒரே ஜதி.
ஏறினோம். குகை அகப்படவில்லை.
அகப்பட்டது முள்.
ஒற்றைக்காலில் நின்று அவள் அதைப் பிடுங்கியபோது
தத்தித் தத்திப் போட்ட சத்தத்தை
இருக்கட்டும் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கொடுமுடி வருவதற்குள் பெட்ரோல் விளக்கு எரிந்துவிட்டது.
தெற்கே வந்த காவிரி
இங்கேதான் கிழக்கே திரும்புகிறது என்பார்கள்.
படித்துறையிலிருந்து பார்க்க
அது திரும்புவதாகவே தெரியவில்லை.
அகலமாக இருந்தது. அவ்வளவுதான்.
திரும்பும்போது யாருக்கும் தெரிவதில்லையோ என்னவோ,
அன்னூரில் எங்களுக்கும் தெரியவில்லை.

ஆபீஸ் குரூப்பில் மேனேஜர் கேட்டிருந்தார்:
ஊட்டி எப்படி?
உருகிய வெண்ணெய்ப் பொட்டலத்தை என்னிடமிருந்து வாங்கிப்
படியில் வைத்துவிட்டு
தெய்வானை பதில் அடித்தாள்.
விரல் வழுக்கியது. திரை வாங்கவில்லை.
துப்பட்டாவில் துடைத்து மறுபடி அடித்தாள்:
செம குளிர்.