மாற்றப் பதிவு

சூரமங்கலம். இரவு மூன்று மணி.
பெயர் சர்வரின் மாற்றப் பதிவைத் திறந்து வைத்திருக்கிறேன்.
'நாகலூர்மழை' என்ற பெயருக்கு மட்டும்
நேற்றிலிருந்து பதினேழு முகவரி.

நீக்கு. சேர். நீக்கு. சேர்.
வரிசை எண் கொண்டை ஊசியில் கடைசி பஸ் மாதிரி
ஏறிக்கொண்டே போகிறது,
இறங்கத் தெரியாது அதற்கு.

இங்கே புழுக்கம்.
மேலே எப்போதெல்லாம் கரண்ட் வந்ததென்று
நொடி பிசகாமல் தெரியும் எனக்கு.

1:52க்குப் பிறகு ஒன்றுமில்லை.
மழை விட்டிருக்கலாம்.
மழைமானியே போயிருக்கலாம்.
மாறாதவனையும் செத்தவனையும்
ஒரே மாதிரிதான் எழுதுகிறது இது:
எழுதாமல்.

அமலதாஸை எழுப்பினேன்.
டார்ச்சோடு போனவன் கிசுகிசுத்தான்:
"காட்டெருமை சார். கம்பத்துல முதுகு தேய்க்குது."
முடிக்கட்டும் என்றேன்.

4:06. நீக்கு. சேர்.
எருமை பற்றி ஒரு வரி இல்லை.