மூணணா பாக்கி

ஆட்டத்துக்கு ஒரு ரூபாய் சம்பளம்,
விடுகிற கோலுக்கு ஓரணா பிடித்தம்.
செங்காளியப்பன் கைநாட்டு வைத்த காகிதம்
என் மேஜை டிராயரில்தான் கிடந்தது.
பஞ்சுக் கணக்கு, நூல் கணக்கு,
சனிக்கிழமையானால் பந்துக் கணக்கும்
என் தலையில்.

போத்தனூர் ரயில்வே மைதானம். முப்பத்தெட்டு, ஆடி.
பாலக்காட்டுக் கணவாயை யாரோ
தாழ் நீக்கித் திறந்துவிட்ட மாதிரி காற்று.
எங்கள் மில் ஆட்கள் அதற்கு நேர் எதிரே.
வேட்டியை விட்டு அரைக்கால் டவுசருக்கு வந்து
மூன்று மாதம்தான். வெறுங்கால்.
அந்தப் பக்கம் பதினொரு சோடி பூட்ஸ்,
நடுவில் டிக்ரூஸ்.
அவன் ஓடிவந்தால்
லெவல் கிராசிங்கில் நிற்பவர்கள் போல
எங்கள் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

முதல் கோல், நான் பேனா மூடியைத் திறப்பதற்குள்.
இரண்டாவதைக் காற்றே அடித்தது,
அதையும் நான் செங்காளியப்பன் பேரில்தான் எழுதினேன்.
நான்காவது அவன் கால் சந்தில்.
ஐந்தாவதற்கு முன்னால் ஓர் ஆடு குறுக்கே வந்தது.
ஆட்டுக்கு விசில் ஊதினார்கள், கோலுக்கு ஊதவில்லை.

இடைவேளையில் ஏழு.
"இனிக் காத்து நம்முளுதுங்க" என்றான் குப்பணன்,
பெயர்ந்த கால் நகத்தில் மண்ணை அப்பிக்கொண்டே.
எலுமிச்சம்பழத்தைச் சப்பிவிட்டு எழுந்தார்கள்.
காற்று நின்றுவிட்டது.
வேலியோரம் ஒரு கள்ளிப்பூகூட அசையவில்லை.

தகரப் பலகைக்காரப் பையனிடம்
ஒன்பதுக்கு மேல் எண் இல்லை.
ஒன்பதை மாட்டிவிட்டு
மிச்சத்துக்கு விரலைக் காட்டினான்.
பத்துவரை எங்கள் ஆட்கள் கத்தினார்கள்,
பன்னிரண்டில் கடலை தின்றார்கள்,
பதின்மூன்றில் டிக்ரூஸுக்குக் கைதட்டினார்கள்.
மேனேஜர் தன் கார் ஏறிப் போனது எப்போதென்று
என் ஏட்டில் இல்லை.

பதினாறு.
சம்பளம் சுழி.
கோடு இழுத்தேன்.
இதற்குமேல் இந்த மனுசன்
கைக்காசு போட்டு நிற்கிறான்.
போய்ச் சொல்லலாமா என்று எழுந்தேன்.
அவனுக்குத் தெரிந்திருந்தது.
வலை இல்லாத கம்பத்துக்குப் பின்னால்
கருவேல முள்ளுக்குள் புகுந்து
ஒவ்வொரு பந்தாக எடுத்துவரும்போது
அவன் உதடு அசைந்துகொண்டேதான் இருந்தது.
பதினேழு. பதினெட்டு.
பத்தொன்பதை அவன் எடுக்கப் போகவில்லை,
ரெஃபரியே போனார்.

அப்புறம் அது.
கடைசி நிமிசமாக இருக்கும்.
டிக்ரூஸ் தனியாக, எதிரில் இவன் தனியாக.
டிக்ரூஸுக்கே சலிப்பு, ஆனாலும் கால் சும்மா விடுமா,
வலது கம்பத்தின் அடியைப் பார்த்து விட்டான்.
செங்காளியப்பன் படுத்தவாக்கில் பறந்தான்.
சத்தம் கேட்டது, பந்து நெஞ்சில் அறைந்த சத்தமா
நெஞ்சு தரையில் அறைந்ததா தெரியாது.
புழுதி அடங்கியபோது
பந்தைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தான்.
யாரும் கைதட்டவில்லை,
பாதிப்பேர் சைக்கிளை எடுக்கப் போயிருந்தார்கள்.
விடமாட்டேன் என்கிறான், விசில் ஊதியும்.
இரண்டுபேர் விரல்விரலாகப் பிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலைச் சங்கு ஊதுமுன்
தாடையில் மஞ்சள் பத்தோடு வந்து நின்றான்.
மூன்று ஓரணாக்காசு, மேஜைமேல், வரிசையாக.
"எண்ணிக்கோங்க."
எண்ணினேன்.
போகவில்லை.
"இருவதாவது ஒண்ணு புடிச்சனே,
அதெ எந்தப் பக்கமுங்க எழுதீருக்கறீங்க?"
"புடிச்சதுக்குக் கட்டம் இல்லீங்களே."
பேரேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தான்,
படிக்கத் தெரியாதவன்
ஓடைத் தண்ணீரைப் பார்ப்பது போல.
"அட, ஒரு ஓரமா வெச்சு உடுங்க"
என்றுவிட்டு புளோரூமுக்குப் போனான்.

பங்குனியில் தணிக்கைக்கு வந்தவர்
ஆடிமாதப் பக்கத்தில் விரலை வைத்தார்.
வரவிலும் சேராமல் செலவிலும் சேராமல்
மிளகளவு ஒரு புள்ளி.
"என்னய்யா இது?"
"மசி சிந்தீருச்சுங்க."
அவர் கண்ணாடியை ஏற்றி என்னைப் பார்த்தார்.
அந்த வருசம்
என் பேரேட்டில் அவர் எழுதிய பிழை
அது ஒன்றுதான்.