யாருடைய வண்டி

சாரமா தீவில் மழைக்காலம் முழுக்க
வாம்போலா குடித்தனம் நடத்தியது
ஓப்பல் லாரிக்கு அடியில்.
வெளியே தெரிவது பூட்ஸ் மட்டும்;
பேச வேண்டுமென்றால்
அவற்றோடுதான் பேசுவேன்.

கழற்றிய போல்ட்டுகள் ஜாம் பாட்டில்களில்.
ஒன்றில் நிஜமாகவே ஜாம்.
ரொட்டியோடு போய் இருமுறை ஏமாந்தேன்.

சேசிஸ், ஜெர்மன் ராணுவம் விட்டுப் போனது.
எஞ்சின், பிறகு வந்த கூட்டுப்பண்ணைக்காரர்கள்
ரஷ்ய லாரியிலிருந்து பிடுங்கிப் பொருத்தியது.
கியர்பாக்ஸ் எங்கிருந்து வந்ததென்று
அதற்கே தெரியாது.

நேற்று மாலை, ஏழாவது முயற்சியில்,
கரும்புகையும் கெட்ட வார்த்தையுமாய்
உயிர் வந்தது.
கைதட்டினேன்.
கையில் ஸ்பானர் இருந்ததை மறந்து.

எதிர்வீட்டில் விளக்கு அணைந்தது.

கொஞ்ச நேரம் கழித்து
ஜூனிப்பர் வேலியோரம் வால்டூர்,
எண்பத்தாறு வயது, காலில் செருப்பில்லை.
"யாருடையது?" என்றார்,
வண்டியைப் பார்க்காமல்,
சாலை வளைவைப் பார்த்தபடி.

வாம்போலா சேசிஸைப் பார்த்தான்.
எஞ்சினைப் பார்த்தான்.
வாய் திறந்து, மூடி,
சாவியைத் திருப்பி அணைத்தான்.

பச்சைப் பெயின்ட் வந்து இறங்கிவிட்டது,
நான்கு டப்பா, பிரிக்கவில்லை.
காலையிலிருந்து
சைலன்சருக்காக
ஊர் ஊராய்ப் போன் செய்துகொண்டிருக்கிறான்.